பட்டன் கேமராவில் முகம் விழவில்லையா? வீடியோ மிஸ்டரி ஷாப்பிங் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

அமெரிக்காவில் வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள், அபார்ட்மென்ட் வாடகை அலுவலகங்கள், கார் ஷோரூம்கள் போன்றவை, தங்கள் விற்பனையாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, வாடிக்கையாளர் போலவே ஒருவரை அனுப்பி மறைகேமராவில் படம்பிடிக்கச் சொல்வதுண்டு. அதுதான் வீடியோ மிஸ்டரி ஷாப்பிங். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கேமரா வாங்கலாம்?" வாங்கிச் சில வாரம் ஆனதும் கேள்வி மாறிவிடும். "முகமே விழவில்லை, என்ன செய்வது?" "பாதியில் நின்றுவிட்டது, பணம் தருவார்களா?"

இந்த இரண்டாவது வகைக் கேள்விகளைப் புரிந்துகொண்டால் முதல் கேள்விக்கு விடை சுலபமாகக் கிடைக்கும். கேமராவைக் குறை சொல்லி இன்னொன்றுக்குச் செலவழிக்கிறவர்கள் பலருக்கு உண்மையான கோளாறு சட்டைத் துணியிலோ, மெமரி கார்டிலோ, உட்காரும் விதத்திலோதான் இருக்கும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்கலாம்.

நான் பேசப்போவது இரண்டு துண்டாக வரும் செட்டைப் பற்றி. சட்டைப் பட்டன் போலத் தெரியும் கேமரா ஒன்று, வயரின் மறுமுனையில் பையில் கிடக்கும் ரெக்கார்டர் ஒன்று. தைவானைச் சேர்ந்த லாமேட் நிறுவனத்தின் பிவி-500 வரிசை ரெக்கார்டர்களும் அவற்றோடு சேரும் பட்டன் கேமராக்களும் இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்குகின்றன. பேனா, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம் வடிவில் மலிவாக வருபவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. பேனா பையில் சாய்ந்துவிடும். கடிகாரக் கேமராவுக்குக் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். இவற்றின் குட்டி பேட்டரி ஒரு மணி நேரம் தாண்டும் விசிட்டுக்குத் தாங்குவது கஷ்டம். எதுவானாலும், வேலை தரும் நிறுவனம் எந்த மாடலை ஏற்கும் என்று கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.

கேமராவைத் தொடும் முன்

முதலில் சட்டம். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு கூட்டாட்சி ஒட்டுக்கேட்புச் சட்டப்படி, உரையாடலில் பங்கேற்கும் ஒருவர் சம்மதித்தாலே பேச்சைப் பதிவு செய்யலாம். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். ஆனால் மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, பென்சில்வேனியா, வாஷிங்டன், மேரிலாந்து போன்ற மாநிலங்களில் அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்யப் பேசுகிற எல்லாருடைய சம்மதமும் வேண்டும். கலிஃபோர்னியாவில் குற்றவியல் சட்டத்தின் 632-ஆம் பிரிவு, சம்மதமில்லாமல் பதிவு செய்வதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

அதனால்தான் ஒழுங்கான நிறுவனங்கள், கடை ஊழியர்களிடம் "உங்களை எப்போதாவது மறைவாகப் படம்பிடிக்கலாம்" என்று முன்கூட்டியே எழுத்தில் கையெழுத்து வாங்கி வைக்கின்றன. நீங்கள் சந்திக்கப்போகும் ஊழியரின் ஒப்புதல் கையில் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த வேலை வேண்டாம். எவ்வளவு நல்ல கேமராவும் அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றாது.

இன்னொன்று, இது ஒப்பந்தக்காரராகச் செய்யும் வேலை. வருமானம் 1099 என்ற வருமான வரிப் படிவத்தில் வரும். எச்-4 விசாவில் ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இல்லாதவர்களும், எஃப்-1 மாணவர்களும் "சும்மா பகுதி நேரம்தானே" என்று இதில் இறங்கக் கூடாது. வேலை என்று சொல்லி முதலில் ஒரு செக் அனுப்பி, அதை வங்கியில் போட்டு மீதியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அது மோசடி. அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி பல காலமாக எச்சரித்துவரும் தந்திரம் இது.

சாப்பாட்டு மேசைச் சோதனை

கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான். விசிட்டுக்குப் போடும் அதே சட்டை, அதே பெல்ட், அதே பையில் ரெக்கார்டர். வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். அப்புறம் இருவரும் எழுந்து நின்று பேசுங்கள். பின்பு அவர் முன்னே போக, நீங்கள் பின்னால் ஒவ்வொரு அறையாக நடங்கள். பதிவைப் பெரிய திரையில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முழுதாகப் பாருங்கள். புதுச் செட் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

அறிகுறி: எதிரே இருப்பவரின் தலை வெட்டுப்படுகிறது

அதிகம் வரும் புகார் இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் உடனே தெரியும். கேமராவின் பார்வை அகலம் 70 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தூரத்தில் அது பிடிக்கும் பரப்பு சுமார் 1.4 மீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமும்தான். அதாவது லென்ஸ் இருக்கும் மட்டத்துக்கு மேலே 40 சென்டிமீட்டர், கீழே 40. உங்கள் பட்டன் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் படத்தின் மேல்விளிம்பு 1.6 மீட்டரில் முடிந்துவிடும். எதிரே நிற்பவர் 1.8 மீட்டர் உயரமானவர் என்றால் அவருடைய வாய் வரைக்கும்தான் விழும். கண்ணும் நெற்றியும் இருக்காது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, நிற்கும்போது ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பது. அங்கே லென்ஸ் மட்டத்துக்கு மேல் 60 சென்டிமீட்டர் கிடைக்கும், தலை உள்ளே வந்துவிடும். ஆனால் கைகுலுக்கி அருகில் வந்து பேசுகிறவரிடமிருந்து பின்வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. அதனால் இரண்டாவது வழிதான் நல்லது. கேமராவை 12 முதல் 15 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். சட்டைக்கு உள்பக்கம், கேமராப் பெட்டியின் கீழ்ப்பாதிக்குப் பின்னால் மடித்த ஸ்பாஞ்ச் துண்டை டபுள் டேப்பால் ஒட்டினால் போதும். கீழ்விளிம்பு வெளியே தள்ளப்பட்டு லென்ஸ் மேலே பார்க்கும். 15 டிகிரி சாய்வில், அதே ஒரு மீட்டர் தூரத்தில், படத்தின் மேல்விளிம்பு சுமார் 1.9 மீட்டருக்கு ஏறிவிடும்.

உட்காரும்போது கதை வேறு. நாற்காலியில் பின்னால் சாய்ந்தால் உடம்பே மேலே பார்க்கும், ஸ்பாஞ்சின் சாய்வும் சேர்ந்துகொண்டு கூரை விளக்கைப் படம் எடுக்கும். முன்னால் குனிந்தால் சட்டை மடிந்து மேசை மட்டும் விழும். முதுகை நேராக வைத்து நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். மேசையில் பெரிய மானிட்டர் நடுவே நின்றால் நாற்காலியைச் சற்று பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் திரையைப் பார்க்க நகர்வது சகஜம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தலை வெட்டுப்படாமல், ஆள் முழுதாகவே படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டால், அது கழுத்துப் பழக்கம். பேசுகிறவர் பக்கம் தலையை மட்டும் திருப்புகிறோம், மார்பு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாதத்தைத் திருப்பினால் மார்பும் சேர்ந்து திரும்பும்.

அறிகுறி: படம் கோணலாக இருக்கிறது, நடக்கும்போது குதிக்கிறது

துணியைப் பாருங்கள். மெல்லிய பாலியஸ்டர், பனியன் துணியில் தைத்த டி-ஷர்ட் இரண்டும் கேமராவின் எடையைத் தாங்காமல் தொங்கும். ஆக்ஸ்ஃபர்ட் மாதிரி தடித்த பருத்திச் சட்டை வேண்டும். பட்டன்கள் வரிசையாக இருக்கும் பட்டி இரட்டைத் துணியாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். உள்ளே ஒரு பழைய ஏடிஎம் கார்டை வெட்டி, கேமராப் பெட்டிக்குப் பின்னால் தாங்கலாக ஒட்டினால் ஆட்டம் நன்றாகக் குறையும். உள்ளே பனியன் போட்டுக்கொள்வது கட்டாயம். வியர்வை கேமராவில் படாது, வயரும் உடம்பில் ஒட்டாது.

பெண்களுக்கு மார்புப் பகுதியின் வளைவால் லென்ஸ் மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ திரும்பிவிடும். சட்டையில் மல்லுக்கட்டுவதைவிட, மேலே திறந்த பிளேசரின் பட்டன் அல்லது கழுத்துக்குக் கீழே முதல் பட்டன் இடத்தில் வைப்பது நல்ல பலன் தருகிறது. ஸ்கார்ஃப், துப்பட்டா வேண்டாம். ஒரு காற்றடித்தால் லென்ஸை மூடிவிடும்.

காரில் வந்து இறங்கியதும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். சீட் பெல்ட் கேமராவைக் கோணலாக்கும். வீட்டில் சரியாக இருந்தது அங்கே போய்க் கெட்டுப்போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

அறிகுறி: முகம் கறுப்பாக, பின்னால் ஜன்னல் மட்டும் பளிச்சென்று

மாடல் வீடுகளில் ஆளுயர ஜன்னல்கள்தான் அழகு. குட்டி சென்சாருக்கு அவ்வளவு வெளிச்ச வித்தியாசத்தைச் சமாளிக்க முடியாது. விலை அதிகமான கேமரா கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் தீர்வு நீங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருமாறு நில்லுங்கள், வெளிச்சம் விற்பனையாளர் முகத்தில் விழும்.

அறிகுறி: படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன

மின்சார அதிர்வெண் அமைப்பு தவறு. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து வரும் சில ரெக்கார்டர்கள் 50-இல் நிற்கும். மெனுவில் மாற்றிவிட்டால் சரி. மாற்றிய பிறகும் ஒரே ஒரு கடையில் மட்டும் வந்தால் அது அங்குள்ள எல்இடி விளக்கின் குணம்.

அறிகுறி: பேச்சு கேட்கவில்லை, சரசரப்புதான் கேட்கிறது

படம் சுமாராக இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் வேலையே நிராகரிக்கப்படும். விற்பனையாளர் என்ன கேட்டார், விலையை எப்படிச் சொன்னார், அடுத்த சந்திப்புக்கு அழைத்தாரா என்பதற்காகத்தானே இந்தப் பதிவு.

ஹெட்ஃபோனில் ஓசையின் வகையைக் கவனியுங்கள். மூச்சுவிடும் தாளத்தில் 'சர்… சர்…' என்று வந்தால் மைக்கின் மேல் துணி உரசுகிறது. கேமராப் பெட்டியிலோ வயரிலோ ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், அதுதான் மைக். அதன் மேல் டேப் ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, துளையைச் சுற்றி மட்டும் ஒட்டி, துணி அசையாமல் நிறுத்துங்கள். நடக்கும்போது மட்டும் 'டிக் டிக்' என்று கேட்டால் ஏதோ இடிக்கிறது. நீளமான சங்கிலி, தாலிக்கொடி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவற்றைப் பாருங்கள். கொடியைச் சட்டைக்குள் போட்டால் நேராகப் பெட்டியின் மேல் விழும். பின்பக்கம் ஒரு சேஃப்டி பின் குத்திச் சற்று மேலே இழுத்து நிறுத்தினால் போதும். கணகணவென்று உலோகச் சத்தம் வந்தால் ரெக்கார்டர் இருக்கும் பையில் சாவியோ சில்லறையோ கிடக்கிறது. கைபேசியையும் எதிர்ப்பக்கப் பைக்கு மாற்றுங்கள்.

உங்கள் குரல் கணீரென்றும் எதிரே பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும் இருந்தால் மைக்கில் கோளாறு எதுவும் இல்லை. மைக் உங்கள் வாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கிறது, அவர் ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கிறார். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் ரெக்கார்டர்கள் உங்கள் சத்தத்துக்குத் தக்கபடி அளவைக் குறைத்துவிட்டு, மறுபடி ஏற்றச் சில நொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அமுங்கிப்போகும். மெதுவாகப் பேசுங்கள். அவர் பேசும்போது "ம்ம், சரி சரி" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். மாடல் வீட்டைச் சுற்றிப் பார்க்கையில் அவர் இரண்டு அறை தள்ளிப் போய்விடாமல் கூடவே நடங்கள். சமையலறை எக்ஸாஸ்ட், ஏசி துவாரம், சுவரில் பாட்டு ஒலிக்கும் ஸ்பீக்கர் ஆகியவற்றுக்கு அடியில் நிற்காதீர்கள்.

அறிகுறி: பதிவு பாதியில் நின்றுவிட்டது

எந்த நிமிடத்தில் நின்றது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

1080பி தரத்தில், நொடிக்கு 12 மெகாபிட் வீதம் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒன்றரை மெகாபைட், நிமிடத்துக்கு 90, ஒரு மணி நேரத்துக்கு 5.4 ஜிபி. கோப்புகளைச் சேமிக்கும் பழைய முறையான ஃபேட்32-இல் ஃபார்மேட் ஆன கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இந்த வேகத்தில் அது சுமார் 47 நிமிடம். 45-க்கும் 50-க்கும் இடையில் ஒவ்வொரு முறையும் நின்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். மெனுவில் கோப்பை 15 அல்லது 30 நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கும் அமைப்பைப் போடுங்கள். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் பேச்சு விட்டுப்போகிறதா என்பதையும் வீட்டுச் சோதனையிலேயே பார்த்துவிடுங்கள். வாங்கும்போது இதை ஒரு அளவுகோலாகவே வைக்கலாம். இடைவெளி விழும் ரெக்கார்டர் வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் நின்றால் கார்டைச் சந்தேகியுங்கள். வேகம் போதாமல் நிற்பது அபூர்வம், ஏனென்றால் 'கிளாஸ் 10' என்று குறித்த கார்டு நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும், உங்களுக்கு வேண்டியது ஒன்றரைதான். பெரும்பாலும் போலிக் கார்டாகவோ தேய்ந்த கார்டாகவோ இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 இருக்கிறது. 32 ஜிபி கார்டில் இந்த வேகத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம், அதைவிடப் பெரிதாக வாங்கி என்ன பயன்? கார்டைக் கணினியில் ஃபார்மேட் செய்யாதீர்கள். ஒவ்வொரு விசிட்டுக்கும் முன்னால் ரெக்கார்டரிலேயே செய்யுங்கள்.

குளிர்காலத்தில் மட்டும் சீக்கிரம் நின்றால் பேட்டரி. லித்தியம் பேட்டரி குளிரில் சுருக்கமாகத்தான் ஓடும். ரெக்கார்டரை வெளிக்கோட்டில் வைக்காமல் உள்பையில் வையுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தானாக அணையும்வரை ஓடவிட்டு அளந்துகொள்ளுங்கள். விசிட்டுக்கு எவ்வளவு ஆகுமோ அதன் இரண்டு மடங்கு ஓடினால்தான் நிம்மதி. பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற ரெக்கார்டரையே தேர்ந்தெடுங்கள்.

உட்கார்ந்து பேசிய பகுதி மட்டும் துண்டு துண்டாக விட்டுப்போயிருந்தால், அசைவு இருந்தால் மட்டும் பதிவாகும் அமைப்பு திறந்திருக்கிறது. அதை மூடுங்கள். கார்டு நிறைந்தால் பழையதை அழித்து எழுதும் லூப் அமைப்பையும் சேர்த்தே மூடுங்கள்.

அறிகுறி: படம் நடுவில் கறுப்பாகி மறுபடி வருகிறது

வயரும் ரெக்கார்டரும் சேரும் இடம். பதிவை ஓடவிட்டு, இணைப்பை விரலால் மெல்ல அசையுங்கள். படம் மறைந்தால் கண்டுபிடித்தாயிற்று. வயரை இழுத்துக் கட்டாமல் இடுப்பருகே ஒரு சின்ன வளையம் விட்டு, மருந்துக்கடை டேப்பால் பனியனில் ஒட்டினால் உட்கார்ந்து எழும்போது வரும் இழுப்பு இணைப்பில் விழாது. தளர்ந்த இணைப்பு திரும்ப இறுகாது, வயரை மாற்றத்தான் வேண்டும். வயர் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். நான் ஒரு செட்டைப் பரிந்துரைக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான், படத்தின் தெளிவெல்லாம் அப்புறம்.

அறிகுறி: கோப்பு இருக்கிறது, திறக்க மறுக்கிறது

எம்பி4 கோப்பைத் திறப்பதற்கான குறிப்பேட்டைப் பல ரெக்கார்டர்கள் பதிவு முடியும்போதுதான் எழுதும். நிறுத்துவதற்கு முன் பேட்டரி போனாலோ, அவசரமாகக் கார்டைப் பிடுங்கினாலோ அது எழுதப்பட்டிருக்காது. அந்தக் கார்டில் இனி எதையும் பதிவு செய்யாதீர்கள். கோப்பைக் கணினிக்கு நகல் எடுத்து, அதே ரெக்கார்டரில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, அன்டிரங்க் என்ற நிரலில் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் மீண்டு வரும். ஏவிஐ கோப்பாக இருந்தால் விஎல்சி பிளேயரே அட்டவணையைச் சரிசெய்யும். கோப்பு அழிந்தேவிட்டது என்றால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: தேதி, நேரம் தவறு

படத்தின் மூலையில் பதியும் நேரம் விசிட் நேரத்தோடு பொருந்தாவிட்டால் நிறுவனம் கேள்வி கேட்கும். பேட்டரியைக் கழற்றியபோதெல்லாம் சரிபாருங்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும் நாட்கள், ரெக்கார்டர் தானாக மாற்றிக்கொள்ளாது. அரிசோனாவின் பெரும்பகுதியிலும் ஹவாயிலும் அந்த மாற்றம் கிடையாது.

அறிகுறி: விற்பனையாளரின் பார்வை பட்டனுக்கே போகிறது

கேமராவோடு வரும் பட்டனும் சட்டையின் மற்ற பட்டன்களும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே பளபளப்பில் இருக்கின்றனவா? பெரும்பாலான செட்களில் துணைக்குச் சில போலிப் பட்டன்கள் தருவார்கள், சட்டையின் எல்லாப் பட்டன்களையும் அவற்றால் மாற்றித் தைத்துவிடுங்கள். அடர்ந்த நிறச் சட்டையில் கறுப்புப் பட்டன் கண்ணில் படாது. வெள்ளைச் சட்டையில் லென்ஸின் கரும்புள்ளி தனித்துத் தெரியும். ரெக்கார்டரின் விளக்கு, பீப் ஒலி எல்லாவற்றையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். விரலால் அடிக்கடி பட்டனைத் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இது கேமராவா என்று விற்பனையாளர் நேராகவே கேட்டுவிட்டால் வாதாடாமல் மரியாதையாக விடைபெற்று வெளியே வந்து, வேலை தந்தவருக்கு உடனே தெரியப்படுத்துங்கள்.

அறிகுறி: படம், ஒலி எல்லாம் நன்று, ஆனாலும் நிராகரித்துவிட்டார்கள்

வழிமுறைத் தாளை மறுபடி படியுங்கள். காரிலேயே பதிவைத் தொடங்கி இடம், தேதி, நேரத்தைச் சொல்லச் சொல்லியிருப்பார்கள், அது விட்டுப்போயிருக்கும். நடுவில் நிறுத்தித் தொடங்கியிருப்பீர்கள். அல்லது தாளில் பெயர் இருந்த ஊழியர் விடுமுறையில் இருக்க, ஒப்புதல் தராத வேறொருவரிடம் பேசியிருப்பீர்கள். அப்படி நேர்ந்தால் பதிவை அங்கேயே நிறுத்திவிட்டு, வேலை தந்தவரை அழைத்துக் கேட்ட பிறகுதான் தொடர வேண்டும்.

கழிப்பறைக்குள் கேமரா எந்த நிலையிலும் ஓடக் கூடாது. போக வேண்டியிருந்தால் விசிட்டுக்கு முன்பே போய்விட்டு வாருங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, காரணத்தை அறிக்கையில் எழுதுங்கள்.

அனுப்பும்போது கோப்பைச் சுருக்காதீர்கள், வெட்டாதீர்கள், ரெக்கார்டரில் வந்தபடியே ஏற்றுங்கள். ஐந்தாறு ஜிபி ஏறுவதற்குள் வைஃபை விட்டுவிட்டுப் போனால் வயர் இணைப்பில் ஏற்றுங்கள். நிறுவனம் "ஏற்றுக்கொண்டோம்" என்று எழுதித் தரும்வரை கார்டில் அசல் இருக்கட்டும். வந்தபின் கார்டு, கணினி இரண்டிலும் அழித்துவிடுங்கள். யாரிடமும் காட்டக் கூடாத, இன்னொருவரின் முகமும் குரலும் அது.